பக்கவாதத்துக்குப் பிறகு கையை மீட்க: வீட்டில் எது முதலில், எது அப்புறம்

அப்பா மதுரை–தேனி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கால் மூன்று மாதத்தில் ஓரளவு தேறியது. கையோடுதான் 14 மாதம் மல்லுக்கட்டினோம். அதற்குப் பிறகு திருமங்கலம் பக்கத்தில் சொந்தக்காரர், தெரிந்தவர் என்று ஏழெட்டு வீடுகளுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி வீட்டில் ஒரே காட்சி: மடங்கிய கைக்குள் ஒரு ஸ்பாஞ்சுப் பந்து.

அந்தப் பந்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நான் பேச ஆரம்பிப்பேன். காரணம் 4-வது பகுதியில் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. பிசியோதெரபிஸ்டும், அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் எங்களுக்குக் காட்டித் தந்ததை, நாங்கள் தப்பாகச் செய்து திருத்திக்கொண்ட வரிசையில் எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளியை நேரில் பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

1. தொடங்கும் முன்

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் எவ்வளவுக்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம்? தோள் மூட்டு இறங்கியிருக்கிறதா? இந்த இரண்டும் தெரியாமல் கையைத் தொட வேண்டாம்.

அவசரமும் ஆகாது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே நோயாளியை அடிக்கடி எழுப்பி நடமாட வைத்தால் சீக்கிரம் தேறுவார் என்று நினைத்துச் செய்த ‘அவெர்ட்’ என்ற பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. நினைத்ததற்கு நேர்மாறாக, அப்படி எழுப்பப்பட்டவர்களின் நிலைதான் மூன்று மாதத்தில் கொஞ்சம் மோசமாக இருந்தது. முதல் நாட்களில் கையைச் சரியாக வைப்பதே போதும். கடும் பயிற்சி, டாக்டர் சொன்ன பிறகு.

வாங்க வேண்டியது அதிகம் இல்லை. இரண்டு மூன்று தலையணை, ஒரு குளியல் துண்டு, முழங்கை உயரத்துக்கு ஒரு மேஜை, பாதம் இரண்டும் தரையில் படிகிற மாதிரி கைப்பிடி வைத்த நாற்காலி, ஒன்றரை அடிக் கண்ணாடி, துணி காயப்போடும் கிளிப், பிளாஸ்டிக் தம்ளர், கொஞ்சம் ஒரு ரூபாய்க் காசு, ஒரு நோட்டு. கட்டிலில் சாய்ந்தபடி கைப் பயிற்சி செய்யாதீர்கள். உடம்பு நிமிராமல் தோள் சரியாக வேலை செய்யாது, தோள் வேலை செய்யாமல் விரல் வராது.

2. கை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

நாற்காலியில் உட்கார வைத்து நான்கு விஷயம் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்க முடிகிறதா? விரலைத் துளியாவது நீட்ட முடிகிறதா? கண்ணை மூடச் சொல்லிவிட்டு நீங்கள் எந்த விரலைத் தொடுகிறீர்கள் என்று கேட்டால் சொல்கிறாரா? எங்காவது வலிக்கிறதா?

மடக்குவதை விட்டுவிட்டு நீட்டுவதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தில் செய்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 72 மணி நேரத்துக்குள் தோளைப் பக்கவாட்டில் அசைக்கவும் விரலை நீட்டவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கை ஓரளவாவது வேலைக்கு உதவும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் இல்லாதவர்களுக்கு 25 சதவீதம். இரண்டாவது எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். நாலு பேரில் ஒருவர் அதிலும் தேறியிருக்கிறார். அப்பா அந்த நாலில் ஒருவர்.

தொடு உணர்வு இல்லை என்றால் சுடுதண்ணீர், அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எதுவும் அந்தக் கை பக்கம் வரக்கூடாது. சுட்டால் அவருக்குத் தெரியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தே கொப்புளம் வர வைத்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் புரிதலும் சேர்ந்தே அடிபடும். அவர்களிடம் வாயால் விளக்காமல் செய்து காட்டுங்கள். இடது பக்கம் விழுந்தவர்களில் சிலர் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதையே மறந்துபோவார்கள். அவர்களோடு இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். ஆனால் மருந்தையும் தண்ணீரையும் அவர் கவனிக்கிற பக்கம் வையுங்கள்.

3. முதலில் தோளைக் காப்பாற்றுங்கள்

கைக்கு வந்த நோய்க்கு எதற்குத் தோள் என்று எல்லோரும் இதைத் தாண்டிப் போகிறார்கள். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. சுற்றியுள்ள தசைதான் எலும்பைப் பிடித்து நிறுத்துகிறது. தசை தளர்ந்ததும் கையின் கனமே எலும்பைக் கீழே இழுத்துவிடும். அப்புறம் வலி. வலிக்கும் தோளை வைத்துக்கொண்டு யாரும் ஒரு நாளைக்கு நூறு தடவை கையை நீட்ட மாட்டார்கள். மாதக்கணக்கில் பயிற்சி நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், விழுந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் கூடவே கூடாது. பஸ்ஸில், ஆட்டோவில் ஏற்றும்போது உதவ வருகிறவர்கள் முதலில் பிடிப்பது அந்தக் கையைத்தான். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இடுப்பைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போது முழங்கையும் முன்கையும் தலையணை மேலோ மேஜை மேலோ இருக்கட்டும், தொங்கக்கூடாது. நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விழுந்த கைக்கு முன்னால் ஒரு தலையணை வைத்து அதன்மேல் நீட்டி வையுங்கள்.

கழுத்தில் மாட்டும் தூளி நிற்கும்போதும் நடக்கும்போதும் மட்டும். நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியே இறுகிப்போகும்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். மாற்றிச் செய்தால் தோளைத் திருகித்தான் ஆக வேண்டியிருக்கும்.

கப்பியில் கயிறு கட்டி, நல்ல கையால் இழுத்து விழுந்த கையை மேலே தூக்குகிற பயிற்சியை நாங்களும் செய்தோம், உத்தரத்தில் கிணற்றுக் கப்பியையே மாட்டி. பத்தாவது நாள் தோள் பிடித்துக்கொண்டது. தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் மேலே போனால் நடுவில் உள்ள தசைநார் நசுங்கும். தோள் உயரத்துக்கு மேல் தூக்குவதைத் தெரபிஸ்ட் செய்து காட்டிய பிறகு மட்டும் செய்யுங்கள். அப்போதும் கட்டைவிரல் மேலே பார்த்திருக்க வேண்டும்.

4. பிடிக்கப் பழக்காதீர்கள், விரிக்கப் பழக்குங்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு சில வாரங்களில் தளர்ந்த கை மெல்ல இறுக ஆரம்பிக்கும். முழங்கை மடங்கும், மணிக்கட்டு கீழே தொங்கும், கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்கள் மூடிக்கொள்ளும். மடக்கும் தசை ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது. அதன் கையில் பந்தைக் கொடுத்து ‘அமுக்கு, அமுக்கு’ என்றால் இறுகுவதற்கே பழகிப்போகும். ஒரு தம்ளரை எடுக்க வேண்டுமானால் கை முதலில் விரிய வேண்டும், வைக்க வேண்டுமானால் விட வேண்டும். வராமல் இருப்பது அந்த இரண்டும்தான்.

மூடிய கையை விரிக்க விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். சின்ன மூட்டுகள் கெட்டுப்போகும், இழுக்க இழுக்க இறுக்கமும் கூடும். நாங்கள் செய்த வரிசை இது:

அ. முன்கையை மேஜை மேல் வையுங்கள். அவரை மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள்.

ஆ. மணிக்கட்டை மெல்லக் கீழ்நோக்கி மடக்குங்கள். மடக்கியதுமே விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளரும்.

இ. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைப் பகுதியைப் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். நுனியைத் தொடாதீர்கள்.

ஈ. சுண்டுவிரல் பக்கத்திலிருந்து உங்கள் விரலை உள்ளே நுழைத்து மற்ற விரல்களை அவிழுங்கள்.

உ. விரல்கள் நீண்டிருக்க, மணிக்கட்டை மெதுவாக மேலே கொண்டுவந்து அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை பிடியுங்கள்.

முகம் சுளித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, கொஞ்சம் பின்வாங்குங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. விரிந்த கையை அப்போதே கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரமில்லாமல் துடைத்து, நகத்தையும் வெட்டிவிடுங்கள். மூடியே இருக்கும் உள்ளங்கை மதுரை வெயிலில் மூன்றே நாளில் நாறிப் புண்ணாகும்.

எண்ணெய் தடவலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். லேசாக, மெதுவாகத் தடவுங்கள். ஆனால் பலமாக உருவி, நரம்பைச் சொடுக்கெடுக்கிறேன் என்று திருகுகிறவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொல்லி எங்கள் வீட்டுக்கும் ஆள் வந்தார். நல்ல மனிதர்தான், காபி கொடுத்து அனுப்பினோம். அதனால் கை வராது.

5. அசைவே இல்லாத கைக்குக் கண்ணாடி

விரலில் துடிப்புகூட இல்லாதபோது என்ன செய்வது? மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு, இல்லாத கையில் வரும் வலிக்காக நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த கண்ணாடி முறை பக்கவாதக் கைக்கும் உதவுகிறது என்று அதன்பின் வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கண்ணாடிக் கடையில் ஒன்றரை அடிக்கு ஓரடி அளவில் வெட்டி வாங்கி, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். மேஜையில் அவருடைய நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைக்கும் நடுவில் தடுப்பு மாதிரி நிமிர்த்தி நிறுத்துங்கள். பிரதிபலிக்கும் பக்கம் நல்ல கையைப் பார்க்க வேண்டும். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். நல்ல கையை மெதுவாக விரித்து மூடி, மணிக்கட்டைத் தூக்கி இறக்கி, கண்ணாடிக்குள் பார்க்கச் சொல்லுங்கள். விழுந்த கையே அசைகிற மாதிரி தெரியும். அதே நேரம் பின்னாலிருக்கும் கையையும் அசைக்க முயல வேண்டும்.

மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒரு கையில் மோதிரம் இருந்து மறு கையில் இல்லாவிட்டால் மூளை நம்பாது. இதை நாங்கள் இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தோம். இன்னொரு தப்பு, நல்ல கையையே நேராகப் பார்த்துக்கொண்டு செய்வது. 15 நிமிடம் காலை, 15 நிமிடம் மாலை, வாரத்தில் ஐந்து நாள், குறைந்தது நாலு வாரம். தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

‘கரன்ட் வைப்பது’ என்று சொல்கிறோமே, அந்த மின்தூண்டலும் இந்தக் கட்டத்தில் உதவும். விரலை நீட்டும் தசை இருப்பது முன்கையின் வெளிப்பக்கம். பேடு அங்கே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் விரலைத் தூக்கும்போது நோயாளியும் தூக்க முயல வேண்டும். டிவி பார்த்துக்கொண்டு கரன்ட் வாங்குவதில் பாதிப் பலன் போய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மெஷின் பக்கமே போகக்கூடாது.

6. அசைவு வந்ததும் எண்ண ஆரம்பியுங்கள்

வீட்டுக்கு வரும் பிசியோ முக்கால் மணி நேரம் இருப்பார். அதில் கை வேலை எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணியிருக்கிறீர்களா? அமெரிக்காவிலும் கனடாவிலும் தெரபி அறைகளில் உட்கார்ந்து எண்ணினார்கள். 2009-ல் வெளியான அந்தக் கணக்குப்படி, கை வேலை செய்த ஒரு வேளைப் பயிற்சியில் சராசரியாக 32 தடவைதான். விலங்குகளின் மூளையில் மாற்றம் தெரிந்த ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில். ஒரு மணி நேரத்தில் 300 தடவை செய்ய நோயாளிகளால் முடியும் என்று அடுத்த வருடமே காட்டிவிட்டார்கள். ஆக, பிசியோ போன பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. நேரத்தைக் குறிக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறியுங்கள்.

நாங்கள் போன வரிசை: முதலில் துண்டை மடித்து மேஜையில் வைத்து, அதன்மேல் கையை வைத்து முன்னால் தள்ளுவது. பிறகு மேஜை ஓரத்தில் கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டை மேலே தூக்குவது. அடுத்து தம்ளரைப் பிடித்து நகர்த்தி விடுவது; இதில் பிடித்ததை எண்ணாமல் விட்டதைத்தான் எண்ண வேண்டும். அதற்கப்புறம் கிளிப்பைத் திறந்து கயிற்றில் மாட்டுவது. காசு கடைசி.

பார்க்க வேண்டிய தில்லுமுல்லு ஒன்று உண்டு. கை நீளாதபோது உடம்பே முன்னால் சாயும், தோள் காதுக்குப் போகும். தம்ளரைத் தொட்டுவிட்டார் என்று கை தட்டுவோம், நீண்டது முதுகுதான். துண்டை நெஞ்சோடு சேர்த்து நாற்காலி முதுகில் தளர்வாகக் கட்டி, தம்ளரைப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். தூரம் குறைந்தாலும் பரவாயில்லை.

சலிப்பு வரும், கட்டாயம் வரும். அப்பா தம்ளரை ஒரு நாள் வீசியே எறிந்தார். அன்றைக்கு மாலை அவருடைய பழைய தோல் பையை அம்மா பரணிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். காசை எடுத்துப் பைக்குள் போடு என்றதும் 60 தடவை போட்டார். செய்யப் பழகிய வேலையாக இருந்தால் எண்ணிக்கை தானாகக் கூடும். பூக் கட்டியவருக்குப் பூவும் நாரும், தையல்காரருக்குத் துணி, பாட்டிக்குப் பல்லாங்குழியும் புளியங்கொட்டையும். வெறும் உடற்பயிற்சியாகச் சொல்லாதீர்கள்.

7. நல்ல கைக்கு உறை போடுவது: யாருக்கு, யாருக்குக் கூடாது

நல்ல கையே எல்லா வேலையையும் பார்த்துவிடுவதால் விழுந்த கை வேலையை மறக்கிறது. அதனால் நல்ல கைக்கு உறை மாட்டி, மற்றதை உழைக்க வைக்கிறார்கள். ‘எக்ஸைட்’ என்ற ஆய்வில் 222 பேர் சேர்ந்தார்கள்; உறை முறையில் இருந்தவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதை மாட்டியிருக்க வேண்டும் என்பது இலக்கு. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். நல்ல பலன் என்று 2006-ல் வெளியிட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் வீட்டில் நல்ல கையைக் கட்டிவிடுகிறார்கள். அசைவே இல்லாத கைக்கு இது வதை. மணிக்கட்டை 20 டிகிரியும், விரல்களை 10 டிகிரியும் தானாகத் தூக்க முடிந்தால்தான் பொதுவாக இந்த முறையை எடுக்கிறார்கள். நாள் முழுக்க வேண்டாம். தெரபிஸ்ட் ஒப்புக்கொண்டால் இரண்டு மணி நேரம், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மட்டும். கயிறு, துணி எதுவும் கட்டாமல் தடித்த சாக்ஸோ கையுறையோ போடுங்கள். தடுமாறினால் ஊன்றுவதற்கு அந்தக் கைதான் இருக்கிறது. நடக்கும்போது உடனே கழற்றிவிட வேண்டும்.

8. சாப்பாட்டுத் தட்டு

வலது கை போனவருக்கு நம் ஊரில் இது பெரிய விஷயம். இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, விருந்து விசேஷத்துக்கே போகமாட்டார்கள். வீட்டில் ஊட்டிவிடுகிறோம். ஊட்ட ஊட்டக் கை வேலைக்கு வராது.

“ஆறிப்போகுதுங்க, நான் ஊட்டிவிட்டுர்றேன்” என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. “ஆறட்டும், விடு” என்பார் அப்பா. முதல் ஐந்து வாய் அவர், மிச்சம் அம்மா என்று ஒப்பந்தம் போட்டோம். பசி உச்சத்தில் இருக்கும் முதல் வாய்களை அவருக்குக் கொடுங்கள். கடைசி வாய்களில் கை களைத்திருக்கும்.

சோற்றில் ஆரம்பிக்காதீர்கள். பிசைந்து உருட்டி எடுப்பது எல்லா விரலும் சேர்ந்து செய்கிற கஷ்டமான வேலை. இட்லியை நாலாக வெட்டி வையுங்கள், பிறகு முழு இட்லியைப் பிட்டு எடுக்கட்டும், அப்புறம் தோசை, கடைசியில் சோறு. தட்டு நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி. விழுங்கும்போது இருமல் வருகிறவர்கள் இதை ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

9. நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரம்

புதிதாக வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது, இன்னொரு கை காலில் பலமில்லை என்றால் 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள். ‘விடியட்டும் பார்ப்போம்’ என்று தூங்கிவிடாதீர்கள்.

கை வீங்கிச் சூடாகி, தொட்டாலே வலிக்கிறது என்றால் பயிற்சியை நிறுத்திக் காட்டுங்கள். நன்றாக இருந்த கை திடீரென்று இரண்டு நாளில் இறுகினால் வேறெங்கோ காரணம் இருக்கலாம்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண். அதைச் சரிசெய்தால் இறுக்கமும் குறையும்.

விரலைத் திறக்கவே முடியாத அளவு இறுகிவிட்டால் இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி பற்றி டாக்டர் சொல்லலாம். பலன் ஏறக்குறைய மூன்று மாதம். ஊசி போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் பணம் வீண். 4, 6-வது பகுதிகளில் உள்ளதை அந்த மூன்று மாதத்தில்தான் முழுமூச்சாகச் செய்ய வேண்டும்.

வெளியே அழைத்துப்போக முடியாத வீடுகளுக்குத் தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வர முடிந்தவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம்.

10. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளவெடுங்கள்

தினமும் பார்க்கிற கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாது. மேஜையில் பத்துக் காசு, பக்கத்தில் ஒரு டபரா. ஒவ்வொன்றாக எடுத்துப் போட எத்தனை நிமிடம் ஆகிறது என்று செல்போனில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். காசு எடுக்க முடியாத கைக்கு, எத்தனை தம்ளரைப் பிடித்து விட்டார் என்று எழுதுங்கள். அதே நாற்காலி, அதே மேஜை, அதே நேரம். இரண்டு அளவெடுப்பில் எண் நகராவிட்டால் வேலையைக் கொஞ்சம் கடினமாக்குங்கள், அல்லது தெரபிஸ்டிடம் நோட்டைக் காட்டுங்கள்.

பயிற்சி முடிந்த கையோடு அளக்காதீர்கள், களைத்த கை பொய் சொல்லும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு அளந்தோம். உள்ளங்கையில் நாலு காசை வைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நுனிக்குத் தள்ளிக் கொடுப்பார்களே கண்டக்டர்கள், அது மட்டும் அப்பாவுக்கு இன்னும் முழுசாக வரவில்லை. மூன்றாவது காசு கீழே விழுகிறது. அதனால் காசுப் பயிற்சிக்கு மடியில் ஒரு துண்டை விரித்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் குனிந்து பொறுக்க வேண்டியிருக்காது.